எட்டு வாளியா, பதினாறு வாளியா

அத்தானும் நானும் சேர்ந்து ஒரு பழைய வான் வண்டியை வீடாக்கினோம். அதற்குள் வைத்த கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவச் சின்னப் பேசின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தண்ணீர்த் தாங்கிதான் குடும்பத்தில் சண்டை கிளப்பப்போகிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். வன்னியில், எங்கள் ஊரான விசுவமடுவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓடுகிறவர். அவர் புது வான் வாங்கிய பிறகு பழையது வளவில் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிடத் தொடங்கியிருந்தன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் வாகனம் பிடித்து நாடு சுற்றுவதையும், பொழுதுபடும்போது தங்க இடம் தேடி அலைவதையும் அவர் நெடுநாள் பார்த்தவர். “வானுக்குள்ளயே படுக்க விட்டா என்ன மச்சான்?” என்று ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கிய வேலை நான்கு மாதம் இழுத்தது. பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே நூற்று அறுபது லீற்றர் பிடிக்கும் நீலத் தாங்கி ஒன்றைப் படுக்கவைத்து இறுக்கினோம். அதிலிருந்து சின்ன மோட்டர் ஒன்று பேசின் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும். குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் வந்த அன்று அத்தான் மூன்று தரம் கை கழுவினார்.

வாடகைக்கு விடுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் வேண்டும். எங்கே போவது என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அம்மா முடிவெடுத்துவிட்டார்.

“அக்காட்ட போவம். தாங்கி நிறைய எங்கட கிணத்துத் தண்ணியும் கொண்டு போவம்.”

இதை விளங்கிக்கொள்ள, அம்மாவுக்கும் அவருடைய அக்காவான பெரியம்மாவுக்கும் நடுவே நடக்கும் வழக்கைச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது மலையில், ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். எட்டு வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். பெரியம்மா அப்போதே கலியாணம் கட்டியிருந்ததால் அங்கேயே நின்று, ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். தோட்டத்தில் தொழிலாளர் வீடுகளுக்குக் கொடுக்கும் தேயிலைத் தூளில் மிச்சம் பிடித்து, வன்னிக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். தூள் வந்து சேர்ந்த மறுநாள் அம்மா தொலைபேசி எடுப்பார். எங்களோடு வன்னித் தமிழ் கதைக்கிற அம்மா, அந்தத் தொலைபேசியைக் காதில் வைத்ததும் தோட்டத்துப் பிள்ளையாகிவிடுவார்.

“தூளு வந்துச்சிக்கா. ஆனா என்னாக்கா இது, கறுப்பா எறங்குது. மணமே இல்ல. மேல ஆடை மாதிரி மெதக்குது.”

“தூளுல ஒரு கொறையும் இல்ல. ஒங்க ஊரு தண்ணிய மொதல்ல பாரு.”

“தண்ணிக்கு என்னா? எங்க கெணத்துல ஊரே வந்து அள்ளுது.”

“அள்ளுறவங்க நாக்கையும் பாரு.”

போர் ஓய்ந்து பாதை திறந்து தொலைபேசி வந்த காலத்திலிருந்து இதே வழக்கு. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கத்திலும் விளையாட்டு இல்லை. பெரியம்மாவுக்கு அந்தத் தூள் தன் உழைப்பு. அம்மாவுக்கு அந்தக் கிணறும் அப்படித்தான். இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய வருடம் அப்பா கீழே நின்று கல்லுடைக்க, அம்மா மேலே நின்று மண் இழுத்து வெட்டிய கிணறு. எங்கள் ஒழுங்கையில் உவர் இல்லாத கிணறு அது ஒன்றுதான். அதைப் பற்றிப் பெரியம்மா ஒரு சொல் சொன்னால் அம்மா அன்று முழுவதும் பாத்திரங்களைச் சத்தமாக வைப்பார்.

எனக்கு மட்டும் ஒரு விசயம் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தேன். படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறை முடிந்து திரும்புகையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துப் போய் ஆய்வுகூடத்தில் பரிசோதித்துப் பார்த்தேன். உவர் இல்லைத்தான். ஆனால் சுண்ணாம்பு தாராளம். எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டுவது அதனால்தான். அப்படிப்பட்ட தண்ணீரில் தேயிலை கறுத்து இறங்கும், மணம் அமுங்கும், மேலே ஆடை படரும். அதாவது வழக்கில் பெரியம்மா பக்கம்தான் நியாயம். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கிணற்றடியில் கயிறு இழுத்துக் காய்த்துப்போன அவருடைய கையைப் பார்த்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது அம்மா அந்தத் தண்ணீரை மலைக்கே கொண்டுபோய், அக்காவின் தேயிலையை அக்காவின் முன்னால் அதில் ஊற்றிக் காட்டப் போகிறாராம். தூள்தான் பிழை என்று நிரூபிக்க. தோற்கப்போகிற வழக்குக்குச் சாட்சியை நூற்று அறுபது லீற்றர் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி.

அதனால் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், தாங்கியை நிறைக்கவே கூடாது என்று நான் வாதாடினேன். உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் பாரத்தைச் சொன்னேன்.

அம்மா தாங்கியைப் பழப்புளி போட்டு உரஞ்சி, மூன்று தரம் அலசி வைத்திருந்தார். குழாய் போட்டு விட்டால் ரப்பர் மணக்கும் என்று வாளியால்தான் ஊற்ற வேண்டும் என்பது அவரது கட்டளை.

“எத்தனை வாளி பிடிக்கும்?” என்று கேட்டார்.

“பதினாறு,” என்றார் அத்தான்.

“அப்ப பதினாறும் விடுவம்.”

“அம்மா, ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. நூற்றறுபது கிலோ,” என்றேன். “ரெண்டு வளர்ந்த ஆக்கள் கூடுதலா ஏறி இருக்கிற மாதிரி. அதோட மலையில எங்க பார்த்தாலும் தண்ணிதான். அங்க போய் நிறைச்சா என்ன?”

“அங்க நிறைச்சா அது அவட தண்ணி.”

“மச்சான் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு மாமி,” என்று தொடங்கிய அத்தான், என்னைப் பார்த்துக் கட்சி மாறினார். “ஆனா வாடகைக்கு வாற சனம் நிறைச்சுத்தான் கேக்கும். நிறைச்சு ஓடிப் பார்த்தாத்தானே வண்டி தாங்குமோ எண்டு தெரியும்.”

“ஏற்றத்தில எஞ்சின் கொதிச்சா என்ன செய்வியள் அத்தான்?”

“அதுக்கு ஊத்தத்தான் தண்ணி இருக்கே.”

“ஒரு போத்தல் காணாதே அம்மா? தேத்தண்ணி வைக்க எவ்வளவு வேணும்?”

அம்மா வாளியைக் கீழே வைத்தார். “போத்தல்ல கொண்டுபோனா கடைத் தண்ணி எண்டு சொல்லிப்போடுவா. அவவை எனக்குத் தெரியும். பிறகு, லயத்தில பன்னிரண்டு வீடு. ஆளுக்கு ஒரு மிடறு, மருந்து மாதிரிக் குடுக்கிறதே?”

மாட்டுக்கொட்டிலில் நின்ற அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மாடு கன்று போட இருந்ததால் அவர் வரவில்லை. “எந்தத் தண்ணியில வைச்சாலும் தேத்தண்ணி தேத்தண்ணிதான்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவருடைய கருத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

கடைசியில் படித்தவன் செய்கிற வேலையைத்தான் நான் செய்தேன். நடுவாலே வெட்டினேன். “சரி, எட்டு வாளி. பாதி.” எண்பது கிலோ மிச்சம். கொப்பியில் கணக்கும் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்குத் திருப்தி இல்லை, அத்தானுக்கும் இல்லை. இருவருக்கும் பிடிக்காத முடிவு சரியான முடிவாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். எட்டாவது வாளியை ஊற்றிவிட்டு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாளி கயிற்றோடு தொப்பென்று விழுந்தது.

விடியப் புறப்பட்டோம். பரந்தன் சந்தியில் திரும்பி, கிளிநொச்சி தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. அம்மா பின்னால் கட்டிலில் சப்பணம் கட்டி இருந்து, இரண்டு பக்க யன்னலாலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். கிளிநொச்சியில் நின்ற ஒருவருக்குக் கையும் காட்டினார். அவரைத் தெரியுமா என்று கேட்டால் தெரியாதாம்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினோம். வண்டி நின்றது. நின்ற பிறகு இன்னொரு சாண் முன்னுக்குப் போனது. பின்னால் கட்டிலுக்குக் கீழே ஆரோ சுவரில் உதைத்த மாதிரி ‘தொம்’ என்று ஒரு சத்தம். பிறகு வண்டி பின்னுக்கு ஒரு தரம் ஆடிற்று.

அத்தான் கையை ஸ்ரேரிங்கிலிருந்து எடுக்காமல் கேட்டார். “மச்சான், பிரேக் அடிச்சது நான். இப்ப தள்ளினது ஆர்?”

அது என் எட்டு வாளி. முழுத் தாங்கியில் தண்ணீருக்கு அசைய இடமில்லை. வெறுந்தாங்கியில் அசையத் தண்ணீரில்லை. பாதித் தாங்கியில்தான் அதற்கு ஓடிப் பிடித்து விளையாட வளவு கிடைக்கிறது. எண்பது கிலோ முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிறது. இரசாயனத்தில் நான் கெட்டிக்காரன்தான். பௌதிகம் படித்த கூட்டாளிகளும் எனக்கு இருந்தார்கள், அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

மாங்குளம் தாண்டியதும் வீதிக்குக் குறுக்கே ஒரு மாட்டுக்கூட்டம். அத்தான் அழுத்திப் பிடித்தார். வண்டி நிற்க, தண்ணீர் நிற்கவில்லை. தாங்கி கட்டிலை உதைத்தது, கட்டில் அம்மாவை உதைத்தது, கடைசி மாட்டின் வாலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. அந்த மாடு அவசரப்படாமல் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

“தம்பி, கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லு. எனக்குத் தலை சுத்துது,” என்றார் அம்மா.

புளியங்குளத்துக்கு அங்கால் வீதியோரத்தில் ஒரு தேநீர்க்கடை. கடைக்காரர் முஸ்லிம், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். வருகிற போகிற எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மாவுக்குத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொடுத்து, வேம்பின் கீழ் வாங்கிலில் படுக்கவைத்தோம். அம்மா கண்ணை மூடியதும் அத்தானும் நானும் வானுக்குப் பின்னால் போய்க் குசுகுசுத்தோம். நானாவும் வந்து நின்றார்.

“திறந்து விட்டுடுவம் மச்சான். வெறுந்தாங்கியோட போவம்.”

“அம்மா கொன்றுபோடுவா.”

“அப்ப இங்கத்தைத் தண்ணியால நிறைச்சிடுவம்.”

“அது கலப்பாயிடும். பிறகு கிணத்துத் தண்ணி எண்டு சொல்லி என்ன காட்டுறது?”

நானாவுக்கு விசயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முழுதையும் கேட்டு, தாடியைத் தடவிக்கொண்டு, “மலைநாட்டுக்குத் தண்ணி கொண்டு போறீங்க. சரி. நான் உப்பளம் இருக்கிற புத்தளத்துக்கே உப்பு வித்தவன், எனக்கு ஒண்டும் சொல்ல ஏலாது,” என்றார்.

“ரயர் டியூப் ஒண்டை உள்ளுக்கு விட்டுக் காத்தடிச்சா இடம் அடைஞ்சிடும்,” என்றார் அத்தான்.

“ரப்பர் மணக்கும். குழாயே வேண்டாம் எண்டவ.”

நானா கடைக்குப் பின்னால் போய் ஒரு சாக்கை இழுத்து வந்தார். வெறும் தண்ணீர்ப் போத்தல்கள், ஒன்றரை லீற்றர். பேருந்துக்காரர் குடித்துவிட்டுப் போட்டவற்றை விற்கச் சேர்த்து வைத்திருந்தார். “மூடிய இறுக்கிப் போட்டு உள்ளுக்கு அமத்துங்க. காத்துத்தானே இடத்தப் பிடிக்கப்போகுது. டியூப்பா இருந்தா என்ன, போத்தலா இருந்தா என்ன?”

அவர் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் போனார் என்று நான் கேட்கவில்லை.

சுடுதண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, ஒட்டியிருந்த தாள்களை உரித்தோம். ஒருசிலதில் உரியவில்லை, அப்படியே விட்டோம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் கிட்ட உள்ளே போயின. மூடியை அமர்த்தித் திருகியபோது தண்ணீர் மேல்விளிம்புவரை வந்து நின்றது. அத்தான் வானை முன்னுக்கு எடுத்து ஒரு பிரேக் அடித்தார். நின்ற இடத்தில் நின்றது.

அம்மா எழும்பி வந்து ஏறினார். வவுனியா தாண்டியும் தண்ணீர் உதைக்காததைக் கண்டு, “இப்ப பழகிட்டுது போல,” என்றார். நாங்கள் இருவரும் ஓம் என்றோம். கடைப் போத்தல் அவருடைய கிணற்றுத் தண்ணீருக்குள் மிதக்கிறது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

மாத்தளைக்குக் கிட்ட ஒரு கோயில் வளவில் படுத்து, அடுத்த நாள் முழுவதும் ஏறினோம். வண்டி மெதுவாகத்தான் போனது. கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு முச்சக்கரவண்டி எங்களை முந்திக்கொண்டு போனபோது அத்தான் என்னைப் பார்க்காமல், “எட்டு வாளி,” என்றார். “பதினாறாயிருந்தா நடந்து போறவரும் முந்தியிருப்பார்,” என்றேன்.

லயத்துக்கு முன்னால் வான் போய் நிற்க, பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். பெரியம்மா அம்மாவைவிடக் கட்டையானவர். அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, “வீட்டையே தூக்கிட்டு வந்திட்டியாடி?” என்றார்.

“கெணத்தையும்க்கா,” என்றார் அம்மா.

இதற்காகத்தான் வந்தவர். பெரியம்மாவை வானுக்குள் கூட்டிப் போய்ப் பேசின் குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் வந்தது. பெரியம்மா ஒரு விரலை அதில் பிடித்தார்.

“கொழாயில வந்தா எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்? வழியில டவுன்ல புடிச்சிருப்பீங்க.”

“தம்பி, கட்டில் பலகையைத் தூக்கித் தாங்கியைக் காட்டு.”

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் எதிரிலிருந்த மலையைப் பார்த்தார்.

“அம்மா, களைச்சுப்போய் வந்திருக்கிறம், பிறகு…”

“தூக்கு எண்டுறன்.”

தூக்கினேன். மூடியைத் திருகினேன். கடைசித் திருகில் மூடி தானாகவே எழும்பியது. ஒரு போத்தல் துள்ளி வெளியே வந்து பெரியம்மாவின் காலடியில் உருண்டது. பிறகு இன்னொன்று. உள்ளே ஐம்பது போத்தல் தலையைக் காட்டிக்கொண்டு நின்றன. காலடியில் கிடந்தது தாள் உரியாத போத்தல்களில் ஒன்று.

பெரியம்மா குனிந்து அதை எடுத்தார். வாசிக்கத் தெரியாதவர்தான். ஆனால் கடைத் தண்ணீர்ப் போத்தலைத் தெரியாதவர் யார்?

“கெணறு போத்தல்லதான் வருதா ஒங்க ஊருல?”

வெளியே நின்று எட்டிப்பார்த்த ஒரு வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. பாரம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய மகன், வழியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

“போத்தலுக்குள்ள காத்துத்தான் இருந்தது அம்மா. தண்ணி எங்கட தண்ணி. அடிக்குதெண்டு இடத்தை அடைச்சனாங்கள்.”

“சத்தியமா மாமி,” என்றார் அத்தான். மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான்.

அம்மா கையைத் தாங்கிக்குள் விட்டு உள்ளங்கை நிறைய அள்ளிக் குடித்தார். ஒரு நிமிடம் வாய்க்குள் வைத்திருந்தார். பிறகு தோள் இறங்கியது. “எங்கட தண்ணிதான்,” என்றார்.

“நீ சொன்னா ஆச்சா? மகன காப்பாத்தச் சொல்லுவே,” என்றார் பெரியம்மா.

அந்த இடத்தில்தான் நான் அகப்பட்டேன். அது கடைத் தண்ணீர் இல்லை என்று நிரூபிக்க ஒரே ஒரு வழி இருந்தது. அந்த வழியால் போனால் கிணறு தோற்கும். போகாவிட்டால் அம்மா, பன்னிரண்டு வீட்டுக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்பார்.

“பெரியம்மா, ரெண்டு கேத்தில் குடுங்கோ,” என்றேன். “ஒண்டில இந்தத் தண்ணி. மற்றதில உங்கட பீலித் தண்ணி.”

பீலி என்பது மலைச்சரிவிலிருந்து குழாய் வைத்து இறக்கிய நீரூற்று. லயத்துக்குப் பின்னால் இரவு பகலாக விழுந்துகொண்டிருக்கும். இரண்டையும் வான் அடுப்பில் வைத்தேன். கொதித்து அடங்கியதும் மூடியைத் திறந்து காட்டினேன். பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி மிதந்தது.

“கடைத் தண்ணி கொதிச்சா இப்பிடி வராது. இது சுண்ணாம்பு. எங்கட கிணத்தில இருக்கு. அங்க எங்கட கேத்திலும் இப்பிடித்தான்,” என்றேன். சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை.

பெரியம்மா பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். “அப்ப கெணத்துத் தண்ணிதான்.”

“நான் சொன்னன்தானே,” என்றார் அம்மா. ஆனால் அவருடைய கண் அந்த வெள்ளைப் பொடியில் இருந்தது. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். கணக்குத் தெரியாதவர் இல்லை.

ஒரே தூள், ஒரே கரண்டி அளவு. பெரியம்மாவே போட்டார். பீலித் தண்ணீரில் சாயம் செம்பருத்திப் பூ மாதிரி இறங்கியது, வான் முழுக்க மணத்தது. எங்கள் தண்ணீரில் அது கறுத்துக் குழம்பி, மேலே ஆடை கட்டியது. இரண்டு கோப்பைகளையும் பேசினுக்குப் பக்கத்தில் வைத்தோம். யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா கறுத்த கோப்பையை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. பிறகு கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதற்குள்ளால் ஒன்றும் தெரியவில்லை.

“இதையாடி கொறையா சொன்னே?”

“ஏன்க்கா?”

“என்னா சாயம்! இங்க ரெண்டு கரண்டி போட்டாலும் செவப்புத் தண்ணிதான். நமக்குக் குடுக்கிற தூளுல சாயத்த எடுத்துட்டுக் குடுக்கிறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் இத்தன காலமா.” வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “ஏய், ஆளுக்கொரு கோப்ப கொண்டாங்க. தேத்தண்ணின்னா என்னான்னு பாக்கலாம்.”

லயம் முழுக்கக் கோப்பைகளோடு வந்தது. அரைமணி நேரத்தில் மூன்று கேத்தில் போனது. சுண்ணாம்பைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தான் என் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்.

அந்த இரைச்சலில் ஒருவரும் கவனிக்காத ஒன்றை நான் பார்த்தேன். அம்மா மற்றக் கோப்பையை எடுத்துக்கொண்டு கட்டிலின் மூலைக்குப் போயிருந்தார். அவர் கடைசியாக அங்கே வந்தது பெரியப்பாவின் செத்த வீட்டுக்கு. அன்றைக்குக் கொடுத்த தேத்தண்ணியின் ருசியை யார் பார்த்தது? இப்போது ஊதி ஊதி, மெதுவாகக் குடித்தார். முடிந்ததும் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு ஒருவருக்கும் தெரியாமல் கேத்திலில் மிச்சம் இருந்ததையும் ஊற்றிக்கொண்டார்.

“எப்பிடி அம்மா?” என்றேன்.

“பரவாயில்லை,” என்றார்.

நான்கு நாள் நின்றோம். தாங்கி மூன்றாம் நாளே வற்றிவிட்டது. கடைசி இரண்டு போத்தல் எங்கள் தண்ணீரைப் பெரியம்மா நிரப்பி எடுத்துச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நல்லது கெட்டதுக்கு வைத்திருக்கிறாராம்.

புறப்படும் அன்று காலையில் வானை எடுத்துக்கொண்டு பீலியடிக்குப் போகச் சொன்னார் அம்மா. கையில் பெரியம்மா வீட்டு வாளி.

“வெறுந்தாங்கியோடதான் இறங்கோணும் மாமி,” என்றார் அத்தான். “இறக்கத்தில பாரம் கூடினா பிரேக் சூடாகும்.”

“வழியில கை கழுவத் தண்ணி வேண்டாமே?”

“கை கழுவ ஒரு வாளி காணுமே.”

அம்மா வாளியைப் பீலிக்குக் கீழே பிடித்தார். ஒன்று, இரண்டு என்று ஊற்றிக்கொண்டே போனார். பெரியம்மா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது வாளியை ஊற்றிவிட்டு அம்மா நின்றார். வெறும் போத்தல் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்குப் பாரம் தெரியும். இறக்கம் தெரியும். கொப்பியும் சட்டைப் பையில்தான் இருந்தது.

“இன்னும் எட்டுப் பிடிக்கும் அம்மா,” என்றேன், வாளியை வாங்கிக்கொண்டு.

அத்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டு ரயர்களைச் சுற்றிப் பார்க்கப் போனார். கண்டி வரும்வரை சின்னக் கியரிலேயே இறக்கினார். போகும்போது முந்திய அதே முச்சக்கரவண்டியா என்று தெரியாது, ஒன்று மறுபடியும் முந்திக்கொண்டு போனது. புளியங்குளத்தில் நானாவிடம் போத்தல் சாக்கைத் திருப்பிக் கொடுத்தோம். தாங்கியில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். “போகக்கொள்ளயும் தண்ணி, வரக்கொள்ளயும் தண்ணி,” என்று சொல்லிவிட்டு, அவருக்கும் ஒரு போத்தல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாடு நாம்பன் கன்று போட்டிருந்தது. அம்மா கை கால் கழுவிய கையோடு, கிணற்றடிக்குப் போகாமல், கேத்திலை எடுத்துக்கொண்டு வானுக்குள் ஏறினார். குசினி வாசலில் கதிரை போட்டு இருந்த அப்பாவுக்குக் கோப்பையை நீட்டினார். எந்தத் தண்ணீரிலும் தேத்தண்ணி தேத்தண்ணிதான் என்றவர், ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன, தேயிலை மாத்தினியோ? இந்த முறை உன்ர கொக்கா நல்ல தூளாத் தந்திருக்கிறா.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கேத்திலின் அடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவ எப்பவும் நல்ல தூள்தான் தாறவ,” என்றார்.

பீலித் தண்ணீர் ஒன்பது நாள் வந்தது. பத்தாம் நாள் மறுபடியும் கிணற்றுத் தண்ணீர், கறுத்த சாயம், மேலே ஆடை. அதற்குப் பிறகு இரண்டு தரம் தூள் வந்துவிட்டது. இரண்டு தரமும் அம்மா தொலைபேசி எடுத்து, தூள் வந்தது என்றும், மாடு எவ்வளவு கறக்கிறது என்றும் சொன்னார். தேத்தண்ணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரியம்மாதான் கேட்டாராம், அடுத்த முறை தாங்கியை முழுதாக நிறைத்துக்கொண்டு வருவீர்களா என்று.

“தம்பி கணக்குப் பார்த்துச் சொல்லுவான்க்கா,” என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

கணக்குப் பார்த்துவிட்டேன். பதினாறு வாளி.